அவருக்கு முன்னால் நான்கு பேர்

கல்லாங்காட்டுப்பாளையத்தில் செல்போன் பொய் சொல்வதை விட்ட வருஷம், மழை வராத வருஷம், ரிக் லாரிகள் எல்லாம் வடக்கே போயிருந்த வருஷம், ஊரில் ஆண் குரலே அரிதாகிப்போய்க் கோயில் பூசாரியின் இருமல்கூடப் பெண்களுக்குத் துணையாக இருந்த வருஷம். அந்த ஊர் ஆண்கள் பூமியைத் துளைக்கிறவர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளில் தை பிறந்ததும் ஏறி, ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று தாகம் எடுத்த ஊர்களைத் தேடிப் போய், எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து, முகத்தில் யாரோ ஊர்ப் புழுதியோடு திரும்புவார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை மேலே கொண்டுவரத் தெரிந்த அந்த ஊருக்கு, தெற்கே நிற்கும் ஊமைக்கரடு என்ற பாறைக் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து செல்போன் சிக்னலை இந்தப் பக்கம் கொண்டுவர மட்டும் தெரியவில்லை.

கம்பெனியின் டவர் கரட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கத்துப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏறியும், பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டும், ஒரு காதைப் பொத்தி மறு காதால் புருஷனைத் தேடுவார்கள். குரல் வந்தால் வார்த்தை வராது, வார்த்தை வந்தால் அதற்குள் ஆள் போய்விடுவான். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண் குரல்தான்: நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

அண்ணமார் போர்வெல்ஸ் ஆபீசில் வேலை பார்த்த சாந்தாமணிக்கு அந்தக் குரல் ஊரில் வேறு எவரையும்விட நெருக்கம். பதினோரு லாரிகள் எந்த ஊரில் நிற்கின்றன என்று தினமும் கேட்டுக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவதுதான் அவள் வேலை. ஆறு மணிக்குத்தான் எங்கும் கம்ப்ரஸரை நிறுத்துவார்கள். அதுவரை துளை போடுகிறவன் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே ஊர் முழுக்க ஆறு மணிக்குத்தான் போன் போடும். ஆறு மணிக்குப் பெண்கள் ஆபீஸ் வாசலில் கூடுவார்கள், ஜன்னலோரம் வந்து வந்து போகும் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் சாந்தாமணி ஒவ்வொரு லாரியாக அழைப்பாள், கிடைத்ததை எழுதுவாள், கிடைக்காததற்கு நேற்றைய ஊரையே விட்டுவைப்பாள். பெண்கள் பலகையைப் படித்துவிட்டு, நேற்றைய ஊர்தான் என்று தெரிந்தாலும் ஒரு ஊர் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

எல்லாருக்கும் அழைத்து முடிந்தபின் அல்ல, ஆறு பத்துக்கோ ஆறே காலுக்கோ அல்ல, எல்லாருக்கும் முன்னால், சரியாக ஆறு மணிக்கு, அவள் முதலில் அழைப்பது ஒரே எண்ணை. அது பலகையில் இல்லாத எண். அவள் புருஷன் வையாபுரியின் எண்.

வையாபுரி டிரில்லர், லாரியில் துளை போடுகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வடக்கே எங்கோ, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ஊரின் ஓரத்தில், குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோய் லாரி நின்றது. மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன், “நெப்பிக்கிட்டு அஞ்சே நிமிசத்துல வந்தர்றேன்” என்றான். லாரி அன்றைக்கும் நின்றது, மறுநாள் மத்தியானம்வரை நின்றது. அப்புறம் நிற்க முடியாமல் புறப்பட்டது. இரண்டு மாநிலத்துப் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். டிரைவருக்கு அந்த ஊரைத் திரும்பக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. புழுதி இருந்தது, வெயில் இருந்தது, ரெண்டு இலந்தை மரம் இருந்தது என்றான். வடக்கே பாதி நாடு அப்படித்தான் இருந்தது.

மூன்று மாதம் பணம் போடாத எண்ணைக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பதால், சாந்தாமணி மாதம் தவறாமல் ரீசார்ஜ் போட்டு அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்தாள். ஊரார் முதலில் பாவம் என்றார்கள், பிறகு பைத்தியம் என்றார்கள், பிறகு அமாவாசைக்கு விரதம் இருப்பதைப்போல அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். தினமும் ஆறு மணிக்கு அந்தப் பெண், வாடிக்கையாளர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்பாள். எங்கேயோ இருக்கிறார் என்று இந்த உலகத்தில் ஒருத்தியாவது சொல்கிறாளே என்று சாந்தாமணி போனை வைப்பாள்.

சிக்னலுக்காகக் கம்பெனியோடு சண்டை போடுவதும் அவள் பொறுப்பாகவே இருந்தது. நீள நோட்டு ஒன்றில் அறுபத்துமூன்று புகார் எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு என்று பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பையன் வந்து சிரமத்திற்கு வருந்துகிறோம் என்பான். மறுநாள், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். அந்தச் செய்தியும் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினால்தான் வந்து சேரும்.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, டிரைவர் குப்புசாமியின் மனைவி அருக்காணி ஏணியில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் குரல் எப்போதும்போல ஆரம்பித்தது.

“நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். இரண்டு நாளாகச் சளி. மிளகு ரசம் கேட்டதற்குச் சமையல்காரர் முறைத்தார். ஊர், பிலாஸ்பூர்.”

“அப்படீங்களா” என்றாள் அருக்காணி. ஏணியை விட்டு இறங்கி வந்து, “எங்க வூட்டுக்காரருக்குச் சளியாமா” என்றாள். சளிக்குத் துளசியா தூதுவளையா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் இன்னும் நான்கு பேருக்கு அதே குரல் அவரவர் ஆளைப் பற்றிச் சொல்லியிருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் அந்தக் குரலுக்குப் பழகிவிட்டது. அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஆள் என்ன செய்கிறான் என்பதை முதலில் சொல்வாள், மனசில் என்ன ஓடுகிறது என்பதை அப்புறம் சொல்வாள், ஊர்ப் பெயரைக் கடைசியில்தான் சொல்வாள்; ஆகவே அவசரக்காரிகளும் முழுசாகக் கேட்கப் பழகினார்கள். ஒருவனைப் பற்றி, அவர் மகளின் பிறந்த நாள் நேற்றா நாளையா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றாள். இன்னொருவனைப் பற்றி, அவர் இருக்கும் வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, அது அவருடைய வீடு அல்ல என்றாள், அதே மரியாதையோடு, அதே வாடிக்கையாளர் என்ற சொல்லோடு. அன்றைக்கு ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரிகூட அவளைத் திட்டவில்லை. “அவ என்ன பண்ணுவா, பாத்ததத்தான சொல்றா” என்றாள்.

சேதி வடக்கே எட்டியதும் லாரிகளில் ஒழுக்கம் வந்தது. எந்தக் கண்ணோ எங்கிருந்தோ பார்க்கிறது என்றானபின் சிலர் முடி வெட்டிக்கொண்டார்கள், சிலர் துவைத்த சட்டை போட்டார்கள், சமையல்காரர் ஒருவர் ரசத்தில் மிளகு சேர்த்தார். ஊரில் பெண்கள் அந்தக் குரலை அக்கா என்றார்கள். இத்தனை வருஷம் அவளைப் போனுக்குள்ளேயே வைத்துத் திட்டியதற்கு வெட்கப்பட்டு, ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஊமைக்கரட்டைச் சுற்றிப் போய் டவருக்குப் படைத்தார்கள். டவர் வாட்ச்மேன் அதைச் சாப்பிட்டுவிட்டு, “முந்திரி இன்னும் ரெண்டு போட்டிருக்கலாமுங்” என்றார்.

சாந்தாமணியின் கரும்பலகை அந்த நாட்களைப்போல் என்றைக்கும் நிறைந்திருந்ததில்லை. ஊரும் பேரும், காய்ச்சலும் கனவும், இடம் போதாமல் ஓரங்களில் சாய்த்து எழுதினாள். ஆனால் குரல் உண்மை பேச ஆரம்பித்த அன்றிலிருந்து அவள் வையாபுரியின் எண்ணை அழைப்பதை விட்டுவிட்டாள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் தவறாதவள், ஆறு மணி ஆனதும் சாக்பீஸைக் கையில் வைத்து உருட்டுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், ஆறு ஒன்று ஆனபின் மூச்சு விட்டு முதல் லாரியை அழைப்பாள். எல்லைக்கு வெளியே இருக்கிற புருஷனோடு வாழ அவளுக்குத் தெரியும். இல்லாத புருஷனோடோ, இன்னொருத்தி முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷனோடோ வாழ அவளுக்குத் தெரியாது.

ஊர் அதைக் கவனித்தது. கவனித்துவிட்டுக் கவனிக்காததுபோல இருந்தது.

ஆவணி பிறந்ததும் ஆபீஸ் முதலாளி சென்னியப்பன் ஒரு பேச்சை எடுத்தார். “அந்தப் புள்ளை இத்தன செய்யுது. கம்பெனிக்கு ஒரு நன்றி சொல்லோணுமல்ல? திட்டறதுக்கு மட்டும் அறுவத்திமூணு தரம் போன் போட்டம்.”

“நன்றிய எங்கீங்ண்ணா சொல்றது?” என்றாள் சாந்தாமணி.

“திட்டற எடத்துலயேதான் சொல்லோணும்.”

அவள் ஒன்றை அழுத்தினாள், நான்கை அழுத்தினாள், பாட்டுக் கேட்டாள். வாசலில் இருபது பெண்கள் நின்றார்கள். கடைசியில் ரோஷன் என்று ஒரு பையன் வந்தான்.

“நன்றி சொல்லத்தானுங்க கூப்பிட்டம்” என்றாள் சாந்தாமணி. “போன் கெடைக்காதப்ப ஒரு பொண்ணு பேசுதல்லங்க, அது நல்லாப் பேசுது. ஊரே சந்தோசமா இருக்குது.”

பையன் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. “மேடம், பாராட்டுக்கு இதுல ஆப்ஷன் இல்லைங்க.”

“வேற என்ன இருக்குது?”

“நெட்வொர்க் பிரச்சனை, பில் பிரச்சனை, காலர் டியூன் நிறுத்தறது, மற்றவை.”

“மத்ததுல போட்டுக்குங்க.”

“மற்றவைல போட்டாலும் அது கம்ப்ளெயின்ட்டாத்தான் மேடம் போகும்.”

சாந்தாமணி வாசலைப் பார்த்தாள். “போட்டா என்னுங்க்கா” என்றாள் அருக்காணி. “அறுவத்திமூணுல ஒண்ணையாச்சும் சரி பண்ணிக் கிழிச்சானுங்களா? போடச் சொல்லுங்க.” எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனி எதையும் சரிசெய்யாது என்பதில் அந்த ஊருக்குச் சாமிமேல் இருந்ததைவிடப் பெரிய நம்பிக்கை இருந்தது. “போடுங்க” என்றாள் சாந்தாமணி. அறுபத்துநான்காவது எண்ணை நோட்டில் எழுதினாள்.

மறுநாள் காலை ஊமைக்கரட்டின் உச்சிக்கு ஒரு ஜீப் ஏறியது. பின்னால் புது டவருக்கான இரும்புக் குழாய்களோடு ஒரு லாரி ஏறியது. அதே நேரம் குறுஞ்செய்தியும் வந்தது, ஏணியில் ஏறாமலேயே: உங்கள் புகார் வியாழன் மாலை ஆறு மணிக்குள் தீர்க்கப்படும்.

ஒன்பது வருஷக் கோபத்தை ஒருமுறைகூட மதிக்காத கம்பெனி, ஒரே ஒரு நன்றியை எப்படி அத்தனை மும்முரமாக எடுத்துக்கொண்டது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. போன் கிடைத்துவிட்டால் அக்காவுக்குப் பேச இடமிருக்காது என்று பெண்கள் கரடு ஏறிப் போய் இன்ஜினியரிடம் கெஞ்சினார்கள்.

“எங்களுக்குச் சிக்னலே வேண்டாமுங்க. இருக்கற மாதிரியே உட்டுருங்க.”

“புகார்ல உங்க ஊர்ப் பேர் இருக்கே” என்றார் இன்ஜினியர்.

“அது புகார் இல்லீங், நன்றிங்.”

“எனக்கு வந்தது புகார்தாங்க. நான் அதை க்ளோஸ் பண்ணணும்.” அவர் நல்ல மனுஷர். வெயிலில் வந்தவர்களுக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். வேலையை நிறுத்தவில்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் கல்லாங்காட்டுப்பாளையத்தில் போன் போட்டபடியே இருந்தார்கள். கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன அண்ணனை, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பேசாத மகளை, ஒரே ஒரு முறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எண் கொடுத்துவிட்டுப் போனவனை. குரல் யாரிடமும் சலித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அருக்காணி ஆபீசுக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஊர்ல இருக்கறவங்க ஆம்பளையெல்லாம் எங்கிருக்கான்னு பலகை நெறைய எழுதறீங்க. உங்களுக்கு ஒரு வரி எழுதக் கை வரலீங்களாக்கும்?”

“எழுதி என்ன அருக்காணி ஆகப் போவுது?”

“ஒண்ணும் ஆவாது. ஆனா நாளைக்குக் கேக்கோணும்னு நெனச்சாலும் கேக்க முடியாது பாத்துக்குங்க. அவ போயிருவா.”

“செத்துட்டாருன்னு சொல்லிட்டா?”

அருக்காணி எழுந்து போய்ப் பலகையின் அடியில் முந்தானையால் துடைத்து ஒரு வரிக்கு இடம் பண்ணிவிட்டு வெளியே போனாள்.

சாந்தாமணி போனைக் கையில் எடுத்தாள். ஐந்து நாற்பதுக்கு எடுத்தாள், ஐந்தே முக்காலுக்கும் கையில்தான் இருந்தது. கரட்டின் உச்சியில் புதுக் குழாய்கள் வெயிலில் மின்னின. அப்போதே அழைத்திருக்கலாம். ஆனால் ஒன்பது வருஷமாகக் கம்ப்ரஸர் நிற்கிற நேரத்துக்கு முன்னால் அவள் அவனை அழைத்ததில்லை. முன்னால் அழைத்தால் அவனுக்குக் கேட்காது. விரலுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. கடிகார முள் நேராக நின்றதும் அழைத்தாள்.

நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிறவளைப்போல ஒரு சின்ன இடைவெளி.

“நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் கையில் மஞ்சள் கேன். இரண்டு இலந்தை மரங்களின் நிழல் வரிசை வரைக்கும் வரவில்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. அவருக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்தோமே, பத்து நிமிஷம் ஆகிவிட்டதே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். லாரி போய்விடுமோ என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கிறார். புழுதியில் லாரி தெரியவில்லை. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும் என்பதால் நிற்கிறார். ஊருக்குத் திரும்பியதும் உங்களிடம் சொல்ல ஒரு வேடிக்கை வைத்திருக்கிறார், அதை நினைத்துச் சிரித்துக்கொள்கிறார். ஊர்,”

அதோடு நின்றது. கரட்டின்மேல் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. சாந்தாமணியின் போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன. காதில் பழைய வாக்கியம் வந்தது, தெளிவாக, இரைச்சல் இல்லாமல், யாரைப் பற்றியும் எதுவும் தெரியாத குரலில்.

அவள் திரும்ப அழைத்தாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். பிறகு எழுந்து, துடைத்து வைத்த இடத்தில், பதினோரு லாரிகளுக்குக் கீழே எழுதினாள்: வையாபுரி. தண்ணீர் வரிசை. முன்னால் நான்கு பேர்.

பெண்கள் வந்து படித்தார்கள். யாரும் அழவில்லை. “நாலு பேருதானுங்களா? அப்ப ஆச்சுங்க்கா” என்றாள் ஒருத்தி. “தண்ணி நூலாட்டம் வந்தா நேரந்தான் புடிக்கும்” என்றாள் இன்னொருத்தி. ஒன்பது வருஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை. துளை போட்ட பிறகும் தண்ணீர் வரக் காத்திருந்து பழகிய ஊர் அது.

அப்போது அவள் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையில் திருப்தியா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. சாந்தாமணி இரண்டையும் அழுத்தவில்லை.

அதன்பிறகு ஊரில் எந்த மூலையிலிருந்து போட்டாலும் போன் கிடைத்தது. கிடைத்த புருஷன்கள், “ம், சாப்பிட்டேன், வெச்சரட்டா” என்றார்கள். எந்த ஊர் என்றால் ஏதோ ஊர் என்றார்கள். மகளின் பிறந்த நாளை விரல் விட்டு எண்ணியவன் போனில் அதைக் கேட்கவே இல்லை. பெண்கள் அத்தனை தெளிவான மௌனத்தை அதற்குமுன் கேட்டதில்லை. சிலர் பேசி முடித்தபின்னும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்கள், அக்கா ஏதாவது சேர்த்துச் சொல்வாளோ என்று.

தை மாதம் லாரிகள் புறப்படும்போது சாந்தாமணி முதலாளியிடம் போய் நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை.

“அவுரு திரும்பிப் பாக்கறாருங்ண்ணா. பாக்கறப்ப லாரி தெரியோணும்.”

சென்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து டிரைவர்களைக் கூப்பிட்டார். “போற வழியில தண்ணிக்கு வரிசை நிக்கற எந்த ஊரப் பாத்தாலும் வண்டிய ஓரங்கட்டுங்கடா. பாத்தாத் தெரியற மாதிரி நிறுத்தோணும். மூணு ஹாரன் அடிக்கோணும். கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் போங்க.”

“வரிசை நிக்காத ஊரு அங்க எங்கீங்ண்ணா இருக்குது?” என்றான் குப்புசாமி. “இப்படி நின்னு நின்னு போனா நாங்க எப்பப் போய்ச் சேர்றது?”

“மெதுவாப் போய்ச் சேருங்க” என்றார் சென்னியப்பன்.

அப்படியே ஆயிற்று. கல்லாங்காட்டுப்பாளையத்து ரிக் லாரிகள் வரிசை கண்ட இடமெல்லாம் நின்றன. வடக்கே சில ஊர்களில் அந்த ஹாரனைக் கேட்டால் மழை வரும் என்று ஒரு பேச்சுக்கூடப் பரவியது. சாந்தாமணி ரீசார்ஜ் போடுவதை நிறுத்தவில்லை, ஆறு மணிக்கு அழைப்பதையும் நிறுத்தவில்லை. பலகையின் கடைசி வரியை மட்டும் அவள் அழிப்பதில்லை. சாக்பீஸ் மங்கும்போது மேலேயே எழுதிக் கெட்டிப்படுத்துவாள்.

சித்திரையில் ஒரு நாள், ஆறு அடித்து அவள் வையாபுரியை அழைத்துவிட்டு வைத்த நிமிஷத்தில், குப்புசாமியின் போன் வந்தது.

“யக்கா, இங்க ஒரு வரிசைங்க. பெரிய வரிசை. நிறுத்தியிருக்கறம்.”

“எலந்த மரம் இருக்குதா?”

“மரம் இருக்குதுங்க. என்ன மரம்னு புழுதியில தெரியல.”

“ஹாரன் அடிச்சியா?”

“இருங்க்கா, அடிக்கறேன், கேளுங்க.”

அவள் கேட்டாள். கம்பெனி சரிசெய்து கொடுத்த அந்தத் துல்லியமான சிக்னலில் மூன்று ஹாரனும் அவள் காதுக்குள் வந்து விழுந்தன. பின்னால் குடங்கள் உரசிக்கொள்கிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, அவளுக்குத் தெரியாத பாஷையில் யாரோ யாரையோ முன்னால் போகாதே என்று அதட்டுவது, எல்லாம் கேட்டது. சாந்தாமணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

“குப்புசாமி, யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களா?”

“எல்லாருமேதான் திரும்பிப் பாத்தாங்க்கா.”

அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“இன்னொருக்கா அடி” என்றாள்.